ரிப்பேர் ஸ்பெசிஃபிகேஷனுக்குப் பொது வழிகாட்டி எழுதுகிறோம்: எதை முதலில் வைப்பது?

பாண்டிங்ரூம் (பெங்களூரு):

வணக்கம். தேவனஹள்ளிப் பக்கம் ஒரு சின்ன 145 பட்டறையில் (விமானப் பராமரிப்புக்கு அனுமதி பெற்றது) டெக்னிக்கல் சர்வீசஸ் பார்க்கிறேன். ஃப்ளாப், ஸ்பாய்லர் (இறக்கையின் அசையும் பலகைகள்), ரேடோம் (ரேடாரை மூடும் கூடு) என்று பெரும்பாலும் ஹனிகோம் வேலை, அதாவது தேன்கூடு மாதிரியான கோரின் இருபுறமும் மெல்லிய ஸ்கின் ஒட்டிய பாகங்கள். எங்களைப் போன்ற சில பட்டறைகள் சேர்ந்து, ரிப்பேருக்கும் ஆல்டரேஷனுக்கும் ஸ்பெசிஃபிகேஷன் எழுத ஒரு பொது வழிகாட்டி தயாரிக்க உட்கார்ந்திருக்கிறோம். இப்போது ஆளுக்கொரு மாதிரி எழுதுகிறோம். ஒப்புதலுக்கு அனுப்பினால் கேள்வி மேல் கேள்வியாகத் திரும்பி வருகிறது.

முதல் வரைவு வந்துவிட்டது. பாதிக்குமேல் வரையறைகள்தான், படித்தால் தூக்கம் வருகிறது. எனக்கு உறுத்துவது வேறு. சமீபத்தில் வந்த ஒரு ஸ்பெக்கில், வாக்யூம் பேக்கில் (ஒட்டும் இடத்தை மூடி, காற்றை உறிஞ்சி அழுத்தம் தரும் பை) குறைந்தது 28 இன்ச் மெர்குரி வேண்டும் என்று இருந்தது. இங்கே நாம் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல். காற்றழுத்தமே கிட்டத்தட்ட 27 இன்ச்தான். புதுப் பம்ப் வைத்தாலும் கேஜ் 28 காட்டாது. நாங்கள் எழுதிக் கேட்டுத் திருத்தம் வாங்கினோம். அதே தாள் வேறு பட்டறைக்குப் போனால், ராத்திரி ஷிஃப்ட்டில் ஒருவர் ஷீட்டில் 28 என்று நிரப்பிவிட்டு வீட்டுக்குப் போக மாட்டார் என்று என்ன நிச்சயம்? இதை வழிகாட்டியில் எங்கே வைப்பது?

ஸ்ட்ரெஸ்கணக்கு (பெங்களூரு):

வரையறைகளைப் பின்னால் தள்ளுங்கள். எல்லை முன்னால் வரட்டும். அமெரிக்க விமான ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.ஏ.ஏ.வின் ரிப்பேர் வழிகாட்டி ஏ.சி. 43.13-1பி எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறது: பிரஷரைஸ் ஆகாத (உள்ளே காற்றழுத்தம் ஏற்றாத) பகுதிகளுக்கு மட்டும், அதுவும் தயாரிப்பாளரின் வழிமுறை இல்லாதபோது மட்டும். ஐரோப்பாவின் ஸ்டாண்டர்டு ரிப்பேர், மாற்றத் தொகுப்பான சி.எஸ்.-ஸ்டானும் அப்படித்தான், 2015-இல் வந்தது. விமானம் என்றால் 5,700 கிலோவுக்குள், ஹெலிகாப்டர் என்றால் 3,175 கிலோவுக்குள். ஒவ்வொரு ரிப்பேருக்கும் ஒரே வரிசையில் தலைப்புகள்: நோக்கம், எதற்குப் பொருந்தும், ஏற்கத்தக்க முறை, கட்டுப்பாடுகள். அந்த அமைப்பை அப்படியே எடுத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

இன்னொன்று. உங்கள் வழிகாட்டி ஒப்புதல் ஆகாது. ஒரு ரிப்பேர் மேஜரா மைனரா (பெரியதா சிறியதா) என்று பிரிப்பதும், மேஜர் என்றால் ஒப்புதல் வாங்குவதும் தனி வேலை. இதை முதல் பக்கத்திலேயே எழுதாவிட்டால், யாராவது வழிகாட்டியையே அப்ரூவ்டு டேட்டா (ஒப்புதல் பெற்ற ஆவணம்) என்று நீட்டுவார்கள். நடக்காது என்று நினைக்காதீர்கள்.

பழைய_ஸ்டாம்ப் (அல்சூர்):

தம்பி, நீ கேட்ட 28 இன்ச் விஷயம்தான் வழிகாட்டியின் நடு முதுகெலும்பு. அதைப் பின்னிணைப்பில் போட்டுவிடாதே.

ஜப்பான் ஏர்லைன்ஸ் 123 தெரியும் அல்லவா? 1978-இல் ஒசாகாவில் வால் தரையில் உரசியது. பின்பக்க பிரஷர் பல்க்ஹெட்டை, அதாவது கேபின் காற்றழுத்தத்தைத் தாங்கும் சுவரை, தயாரிப்பாளரின் ஆட்களே வந்து சரிசெய்தார்கள். டிராயிங்கில் ஒரே முழு ஸ்ப்ளைஸ் பிளேட் (இணைப்புத் தகடு). தளத்தில் அது இரண்டாக வெட்டப்பட்டது. இரண்டு வரிசை ரிவெட் தாங்க வேண்டிய பாரத்தை ஒரு வரிசை தாங்கியது. ஏழு வருடம் பறந்தது, 1985 ஆகஸ்ட் 12 அன்று போனது. 520 உயிர்.

சைனா ஏர்லைன்ஸ் 611-ம் அதே ஜாதி. 1980-இல் ஹாங்காங்கில் வால் உரசல். கீறல் விழுந்த ஸ்கின்னை (உடலின் வெளித் தகடு) வெட்டி எடுக்காமல் மேலேயே டப்ளர் (வலுவூட்டும் தகடு) போட்டார்கள், அதுவும் கீறல் முழுவதையும் சரியாகத் தாண்டவில்லை. மூடிய இடத்துக்குள் விரிசல் வளர்ந்தது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. 2002-இல் 225 பேர்.

இரண்டிலும் எப்படிச் செய்ய வேண்டும் என்று தாளில் இருந்தது. வேலைதான் அதன்படி நடக்கவில்லை. ஏன் இரண்டாக வெட்டினார்கள் என்று நான் ஊகிக்கப் போவதில்லை. ஆனால் பட்டறையில் வேலை பார்த்தவனுக்குத் தெரியும், பிளேட் உட்காராத நேரத்தில், விமானம் நாளைக் காலை போக வேண்டும் என்று மேலிருந்து ஃபோன் வரும்.

ஆகவே ஒவ்வொரு ஸ்பெக்கிலும் ஒரு கட்டம் கட்டாயம் இருக்கட்டும்: ‘சொன்னபடி செய்ய முடியவில்லை என்றால் வேலையை நிறுத்து, இன்னாரிடம் கேள், எழுத்தில் பதில் வாங்கு.’ ஷீட்டிலும் ‘சரி’ என்று டிக் போடும் கட்டம் வேண்டாம், அளந்த எண்ணை எழுதச் சொல்லுங்கள். டிக் போடப் பேனா போதும், எண் எழுதக் கேஜ் பார்க்க வேண்டும்.

சாந்தாக்ரூஸ்_ஷிஃப்ட் (மும்பை):

எங்களுக்கு 28 கிடைத்துவிடும், அந்தக் கவலை இல்லை. எங்கள் தலைவலி ஜூன் முதல் செப்டம்பர் வரை ஈரம். ஹனிகோம் செல்லில் தண்ணீர் நின்றால் 121 டிகிரி கியூருக்கு (பசையை வெப்பத்தில் இறுக வைப்பது) ஏறும்போது ஆவியாகி ஸ்கின்னைக் கோரிலிருந்து பிய்த்துவிடும். ஸ்பெக்கில் ‘நன்றாக உலர்த்தவும்’ என்று மட்டும் இருந்தால் என்ன செய்வது? என்ன வெப்பம், எத்தனை மணி நேரம், காய்ந்தது என்று எதை வைத்து முடிவு செய்வது, மூன்றும் வேண்டும்.

பாண்டிங்ரூம் (பெங்களூரு):

சார், அந்தக் கட்டத்தை முதல் பக்கத்துக்கே கொண்டுவருகிறேன். மும்பை நண்பருக்கும் நன்றி, உலர்த்தலுக்கு அந்த மூன்றையும் கேட்கிறேன். ஒரு சந்தேகம்: வாக்யூமை ஊருக்கு ஊர் மாற்றி எழுதச் சொல்லலாமா?

ஸ்ட்ரெஸ்கணக்கு:

வேண்டாம். ஊர்ப் பட்டியல் போட்டால் அதைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த ஒட்டுக்கு உண்மையில் எவ்வளவு அழுத்தம் தேவை என்று வடிவமைத்தவர் சொல்லட்டும். பல ஸ்பெக்குகளில் 22 இன்ச்தான் கீழ் எல்லை, அது உங்கள் ஊரிலும் கிடைக்கும். 28 கேட்பவர் ஏன் 28 என்று காரணம் எழுதட்டும். எழுத முடியவில்லை என்றால் எண் குறைந்துவிடும், பாருங்கள்.