மா பூக்கக் குளிர் வேணுமா, மண் காய்ஞ்சாப் போதுமா?

போச்சம்பள்ளி தோப்பு:
பொங்கல் முடிஞ்சும் பெங்களூரா ரக மாமரங்கள்ல பாதிக்குப் பூவே இல்லை. கார்த்திகை மழை மார்கழியிலும் விடலை, ராத்திரிக் குளிரும் சரியா இறங்கலை. என் கணக்குல குளிர்தான் பூவைக் கொண்டுவருது. ராத்திரி 15 டிகிரி பக்கம் வந்தா நுனிமொட்டு பூவாத் திரும்பும்; சூடும் ஈரமும் சேர்ந்தா அதே மொட்டு இலையாப் போயிடும்.

நாஞ்சில்காரன்:
அப்படின்னா எங்க கன்னியாகுமரிப் பக்கம் மாவே பூக்கக் கூடாதே அண்ணே! இங்க 20-க்குக் கீழ இறங்குறதே அபூர்வம். ஆனாலும் பருவம் தப்பிக்கூட காய் பறிக்கிறோம், அதுக்குத்தான் நல்ல விலையும். குளிர் இல்லாட்டியும் மண் காயணும், கொழுந்து முத்தணும். உங்க மரம் மழையில புதுக் கொழுந்து விட்டிருக்கும். செம்பு நிறத்துல தொங்குதா பாருங்க.

போச்சம்பள்ளி தோப்பு:
தொங்குது, மடக்கினா துணி மாதிரி மடங்குது. ஆனா பக்கத்துக் கிளையில இலை கரும்பச்சையா, மடக்கினா படக்குன்னு ஒடியற அளவுக்கு முத்தியிருக்கு. அதுவும் சும்மாதானே நிக்குது தம்பி? குளிர் விழுந்திருந்தா பூத்திருக்கும்.

நாஞ்சில்காரன்:
அந்தக் கிளைக்கு 13-0-45, அதான் பொட்டாசியம் நைட்ரேட் உரம், தெளிங்க, லிட்டர் தண்ணிக்கு 10 கிராம். முத்தின கிளைன்னா குளிர் இல்லாமலே கிளம்பும். பிலிப்பைன்ஸ்ல ராமோன் பார்பாங்கிற தோட்டக்கலை விஞ்ஞானி 1970-கள்ல பொட்டாசியம் நைட்ரேட்டை வச்சுக் காட்டினது இதைத்தான். இளங்கொழுந்துல அடிச்சா வீண். இன்னொண்ணு, கடுங்குளிர்ல வர்ற கொத்துல ஆண்பூதான் அதிகம், பிஞ்சு கம்மி. அதையும் கணக்குல சேருங்க.

பெரியகுளத்தான்:
செப்டம்பர் முதல் பாதியிலயே வேருக்கு பேக்லோபியூட்ரசால்ங்கிற வளர்ச்சி அடக்கி மருந்தை ஊத்தியிருந்தா இந்த வாதமே வேண்டாம். மரத்துல ஜிப்ரலின்ங்கிற வளர்ச்சி ஹார்மோன் சுரப்பைக் குறைச்சிடும். மழை பெஞ்சாலும் கொழுந்து அவ்வளவா ஓடாது.

போச்சம்பள்ளி தோப்பு:
கார்த்திகை மழை எப்படி இருக்கும்னு செப்டம்பர்ல யாருக்குத் தெரியும்? அந்த மருந்து சீக்கிரம் மண்ணை விட்டும் போகாது. வருஷா வருஷம் ஊத்தின தோப்புல கணு குறுகி, பூங்கொத்தே குட்டையா இறுகி நிக்கிறதைப் பார்த்திருக்கேன். என் அப்பா வச்ச மரத்துக்கு அது வேண்டாம். முத்தின கிளைக்கு 13-0-45 அடிக்கிறேன். மூடுபனி வேற இறங்குது, பூத்திருக்கிற பாதியைச் சாம்பல் நோய்லேர்ந்து காப்பாத்த நனையும் கந்தகமும் தெளிக்கணும்.