ஜூன் முதல் வாரம் யெல்லோஸ்டோன்: மூட்டுவலியோடு போகலாமா?

நங்கநல்லூர்வாசி:

வணக்கம். மகளும் மாப்பிள்ளையும் சால்ட் லேக் சிட்டியில் இருக்கிறார்கள். நானும் மனைவியும் மே கடைசியில் சென்னையிலிருந்து கிளம்புகிறோம். ஜூன் முதல் வாரம் காரில் கிராண்ட் டீட்டன், யெல்லோஸ்டோன், அப்படியே வடக்கே கிளேசியர் என்று மூன்று தேசியப் பூங்காவையும் ஒரே மூச்சில் காட்டிவிட மாப்பிள்ளை திட்டம் போட்டிருக்கிறார். மனைவிக்கு மூட்டுவலி. இரண்டு பேரும் சைவம், முட்டைகூடக் கிடையாது. எதை விடலாம், எதை விடக்கூடாது? சாப்பாட்டுக்கு என்ன செய்தீர்கள்? போய்வந்தவர்கள் சொன்னால் நல்லது.

குரோம்பேட்டை டீச்சர்:

சார், முதல் வேலையாகக் கிளேசியரை வெட்டச் சொல்லுங்கள். யெல்லோஸ்டோனிலிருந்து அது 600 கிலோமீட்டருக்கு மேல். அங்கே எல்லோரும் பார்க்கப் போவது 'கோயிங் டு தி சன்' மலைச்சாலையை. ஜூன் முதல் வாரத்தில் அதில் பனி அள்ளிக்கொண்டிருப்பார்கள். முழுதாகத் திறக்க ஜூன் கடைசியாகும், சில வருடம் ஜூலையே ஆகிவிடும்.

இந்தப் பிள்ளைகள் போனில் மேப்பைப் பார்த்து இவ்வளவுதானே என்று கிளம்பிவிடுகிறார்கள். டீட்டனும் யெல்லோஸ்டோனும் இருக்கிற வயோமிங் மாநிலம் பரப்பில் தமிழ்நாட்டைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஜனம் ஆறு லட்சம்கூட இல்லை. பெட்ரோல் பங்க், பாத்ரூம், போன் சிக்னல் எல்லாம் அந்தக் கணக்கில்தான் இருக்கும். யெல்லோஸ்டோனுக்குள் எட்டு போல வளைந்து ஒரு சாலை போகிறது, 228 கிலோமீட்டர். மணிக்கு 72 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது. போகவும் முடியாது, நடுரோட்டில் பைசன் என்கிற காட்டெருமை நிற்கும். லமார் பள்ளத்தாக்கில் ஒன்று எங்கள் காரை உரசுகிற மாதிரி நடந்துபோனது. கண்ணாடியை ஏற்றியிருந்தும் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. குளிர்கால ரோமம் பாதி உதிர்ந்து, பழைய மெத்தையிலிருந்து பிதுங்கிய பஞ்சு மாதிரி தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. பின்னாலேயே ஆரஞ்சு நிறத்தில் ஒரு கன்று. நீங்கள் போகிற சமயத்தில் கன்றுகள் நிறைய இருக்கும். லமாரை மட்டும் விட்டுவிடாதீர்கள், விடிகாலையில் போங்கள். ஓநாய் பார்ப்பவர்களும் பெரிய லென்ஸ்களோடு அங்கேதான் நிற்பார்கள். ஒரு காலத்தில் இங்கே ஓநாய்களையே ஒழித்துவிட்டார்கள். 1995-இல் கனடாவிலிருந்து பிடித்துவந்து திரும்ப விட்டார்கள்.

மூட்டுவலிக்குப் பயப்பட வேண்டாம். ஓல்ட் ஃபெய்த்ஃபுல் வெந்நீர் ஊற்றைச் சுற்றி பெஞ்ச் போட்டிருக்கிறார்கள். சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை பீறிடும். அடுத்தது எத்தனை மணிக்கு என்று எழுதிப் போட்டிருப்பார்கள். ஆர்ட்டிஸ்ட் பாயின்ட்டில் பார்க்கிங்கிலிருந்து கொஞ்சம் நடந்தாலே 94 மீட்டர் அருவி எதிரே தெரியும். டீட்டனில் ஜென்னி ஏரிப் படகில் உட்கார்ந்தபடியே மலையைப் பார்க்கலாம். ஒன்றே ஒன்று, வெந்நீர் ஊற்றுப் பக்கம் மரப்பலகைப் பாதையை விட்டு ஓர் அடிகூட வெளியே வைக்கக்கூடாது. மேலே தரை மாதிரி இருக்கும். மெல்லிய ஓடுதான், அடியில் கொதிக்கிற தண்ணீர். விழுந்து செத்தவர்கள் உண்டு.

இனி சாப்பாடு. நான் பிசிக்ஸ் டீச்சர், அதனால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். ஓல்ட் ஃபெய்த்ஃபுல் இருப்பது ஊட்டி உயரத்தில், சுமார் 2,240 மீட்டர். அங்கே தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதற்கு மேல் சூடு ஏறாது. எலக்ட்ரிக் ரைஸ் குக்கரில் துவரம்பருப்பு போட்டால் உருண்டு உருண்டு நிற்குமே தவிர மசியாது. பிரஷர் உள்ள பாத்திரம்தான் சரி. மகளிடம் இன்ஸ்டன்ட் பாட் இருந்தால் அதையே காரில் ஏற்றுங்கள். வெஸ்ட் யெல்லோஸ்டோன் ஊரில் சமையலறையோடு அறை எடுத்துக்கொள்ளுங்கள். வழியில் இடாஹோ ஃபால்ஸில் வால்மார்ட் இருக்கிறது. தயிர், பால், காய்கறி அங்கேயே வாங்கிவிடுங்கள், மேலே போனால் விலை சொல்லி மாளாது. புளிக்காய்ச்சல் வீட்டிலிருந்து போகட்டும்.

வேளச்சேரி அப்பா:

டீச்சர் சொன்னது சரிதான், ஆனால் வெளியே தங்கச் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. வெஸ்ட் யெல்லோஸ்டோனிலிருந்து லமாருக்கு இரண்டு மணி நேரம். விடிகாலையில் போக வேண்டுமென்றால் இருட்டிலேயே கிளம்ப வேண்டும். ஒரு ராத்திரியாவது பூங்காவுக்குள் தங்குங்கள். 1904-இல் திறந்த 'ஓல்ட் ஃபெய்த்ஃபுல் இன்' விடுதி முழுக்க மரத்தடிகளால் கட்டியது, அதைப் பார்க்கவே போகலாம். அறையில் டிவி கிடையாது, ஏசி கிடையாது. சமைக்க முடியாதுதான். ஒரு ராத்திரிக்குத் தயிர் சாதம் போதாதா?

நங்கநல்லூர்வாசி:

கிளேசியர் வேண்டாம் என்று மாப்பிள்ளையிடம் சொல்லியாகிவிட்டது, கொஞ்சம் முகம் சுருங்கியது. இவளுக்கு இப்போது கரடி பயம். காரில் சாப்பாடு வைத்தால் உடைத்துவிடுமா? ஸ்வெட்டர் போதுமா?

குரோம்பேட்டை டீச்சர்:

கண்ணாடியை ஏற்றி, பூட்டி வைத்தால் காரில் வைக்கலாம். பிக்னிக் மேஜையில் சாப்பாட்டை விட்டுவிட்டுப் போட்டோ எடுக்கப் போவதுதான் தப்பு. கரடி, ஓநாய் என்றால் 91 மீட்டர், பைசன் என்றால் 23 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். நம்மவர்கள் கரடிக்குப் பயப்படுவார்கள், பைசனைப் பார்த்தால் எருமைதானே என்று கிட்டே போய்விடுவார்கள். அது நம்மைவிட வேகமாக ஓடும்.

வெறும் ஸ்வெட்டர் போதாது. ஜூனிலும் பனி விழும். உள்ளே தெர்மல், மேலே காற்று புகாத ஜாக்கெட், மாமிக்கு முட்டிவரை சாக்ஸ்.

வேளச்சேரி அப்பா:

கட்டணத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். 2026 முதல் அமெரிக்காவில் குடியிருக்காதவர்களுக்கு யெல்லோஸ்டோன், கிராண்ட் டீட்டன் உட்பட 11 பூங்காக்களில் ஆளுக்கு 100 டாலர் கூடுதல். 250 டாலருக்கு வருட பாஸ் இருக்கிறது. இரண்டு பூங்கா போகிறீர்கள், எது லாபம் என்று மாப்பிள்ளையைக் கணக்குப் போடச் சொல்லுங்கள், முகமும் தெளியும்.