நம்ம குடும்பம் 🏡 சேலம் – ஏற்காடு

அம்மாபேட்டை சித்தப்பா: எல்லாருக்கும் வணக்கம் 🙏 ஞாயித்துக்கிழமை அண்ணன் காரியம். பேனர்காரர் சாயங்காலம் ஆறு மணிக்குள்ள வாசகம் கேக்கறார். எழுதியிருக்கேன், பாத்துச் சொல்லுங்க. "சேலம் உருக்காலையில் தொடங்கி, சவூதி – பஹ்ரைன் கடல் பாலம், குவைத், மலேசியா என உலகெங்கும் உழைத்து, புர்ஜ் கலீஃபாவைக் கட்டிய எங்கள் குலவிளக்கே!"

பெரிய அக்கா: புர்ஜ் கலீஃபா வேண்டாம் சித்தப்பா

அம்மாபேட்டை சித்தப்பா: ஏம்மா, அங்கதானே வேலை பாத்தார்?

பெரிய அக்கா: பாத்தார். கட்டினேன்னு ஒரு நாளும் சொன்னதில்ல

பெங்களூரு தம்பி: ஸ்கூல்ல எங்க பெரியப்பா கட்டினதுன்னு பெருமையா சொல்லிட்டு வந்தேன். யாரோ போட்டுக் குடுத்துட்டாங்க, போன்லயே பாடம். "828 மீட்டர்டா தம்பி, ஆயிரக்கணக்கான பேர் வேலை. நான் பாத்தது கான்கிரீட் மட்டும். அதை 600 மீட்டருக்கு மேல பம்ப்புல ஏத்துறது ஒருத்தன் வேலையா?"

ஏற்காடு அத்தை: வெயில் காலத்துல ராத்திரியிலதான் ஊத்துவாங்களாம். கலவைத் தண்ணியில ஐஸ் போட்டு

சின்ன அக்கா: அந்த ஐஸ் கதை 😢

ஃபேர்லேண்ட்ஸ் மாமா: சாப்பாடு எங்க? மண்டபமா, ஏற்காடா?

ஏற்காடு அத்தை: ஏற்காடுதான். அண்ணன் ஆசை அது

ஃபேர்லேண்ட்ஸ் மாமா: 20 கொண்டை ஊசி வளைவு இருக்கு. எங்கம்மா ரெண்டாவது வளைவுலயே வாந்தி எடுப்பாங்க

ஏற்காடு அத்தை: குப்பனூர் வழியா வாங்க

ஃபேர்லேண்ட்ஸ் மாமா: அது மட்டும் நேர் ரோடா?

பெங்களூரு தம்பி: பெரியப்பாகூட மலை ஏறினா மதியச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேர முடியாது. தடுப்புச் சுவர் புதுசா இருந்தா வண்டிய நிறுத்தச் சொல்லுவார். சுவர்ல தண்ணி வடியற ஓட்டை அடைச்சிருந்தா ஒரு குச்சி ஒடிச்சு, உக்காந்து குத்திக் குத்தி மண்ணை எடுப்பார். பின்னாடி தண்ணி தேங்கினா சுவரையே தள்ளிடும்னு சொல்லுவார். பேன்ட் முட்டியெல்லாம் செம்மண்ணு

சின்ன அக்கா: அம்மாதான் துவைக்கணும்

அம்மாபேட்டை சித்தப்பா: பேனருக்கு வாங்க. குவைத்தையும் எடுன்னு சொல்லிடாதீங்க. சின்னதுகளுக்குத் தெரியாது, அதனால சொல்றேன். 1990 ஆகஸ்ட் 2 ஈராக் உள்ள புகுந்தது. அண்ணன் சைட்டுல ஓமலூர், ஆத்தூர் பக்கத்துப் பசங்க நிறைய. அண்ணன்தான் பஸ் பிடிச்சு, பாக்தாத் வழியா ஜோர்டான் எல்லைக்கு எல்லாரையும் கூட்டிட்டுப் போனார். பாலைவனத்துல கூடாரம். குடிக்கிற தண்ணிக்கே வரிசை. ஜோர்டான் தலைநகர் அம்மான்ல இருந்து ஏர் இந்தியா 488 தடவை பறந்து 1,70,000 பேருக்கு மேல ஊர் கொண்டு வந்து சேத்தது. பசங்க அத்தனை பேரும் ஏறின பிறகுதான் அண்ணன் ஏறினார். இது வராம பேனர்ல வேற எது வரும்? சேத்து வச்ச தினார் செல்லாமப் போய் வெறுங்கையோட வந்து நின்னார். அப்பறம் நாகலூர் நிலம் போச்சு. அது வேற கதை.

சின்ன அக்கா: அந்தக் கதை இப்ப வேண்டாம் சித்தப்பா

அம்மாபேட்டை சித்தப்பா: நான் ஒண்ணும் சொல்லலயே

ஏற்காடு அத்தை: சொல்லிட்ட. எல்லா விசேஷத்துலயும் சொல்ற. இன்னைக்குக் கேட்டுக்க. நிலம் வித்த காசுல அண்ணன் தனக்குன்னு ஒரு ரூபா எடுக்கல. அந்தப் பசங்க சம்பளம் வராம ஊர் வந்தாங்க, வட்டிக்காரன் அவங்க வாசல்ல நின்னான். அண்ணன்தான் கட்டினார். அண்ணியோட வளையலும் அதுலதான் போச்சு. உன் பங்கைத்தான் பின்னாடி அம்மாபேட்டை வீட்டு மாடியா எழுப்பிக் குடுத்தார். சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கினார்

அம்மாபேட்டை சித்தப்பா: 🚫 இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

ஃபேர்லேண்ட்ஸ் மாமா: இலை எத்தனை சொல்லட்டும்?

பெரிய அக்கா: ஓமலூர்ல இருந்து ஒரு அண்ணன் போன் பண்ணினார். கம்பி கட்டுற வேலை பாத்தவர், அந்த பஸ்ல வந்தவராம். காரியத்துக்கு நாலஞ்சு பேரா வர்றோம்னார். பேசவே முடியல அவருக்கு

அம்மாபேட்டை சித்தப்பா: வரச் சொல்லும்மா. பஸ் ஸ்டாண்டுக்கு நான் போறேன்

சின்ன அக்கா: அக்கா, அந்த கேசட்டெல்லாம் யார்கிட்ட இருக்கு?

பெங்களூரு தம்பி: என்ன கேசட்?

பெரிய அக்கா: அப்பல்லாம் அங்கிருந்து போன் பேசினா காசு எகிறும். ஊருக்கு வர்றவங்க கையில பேசின கேசட் குடுத்து விடுவார். ஒரு பக்கம் அம்மாவுக்கு, மறுபக்கம் எங்களுக்கு. பின்னாடி கம்ப்ரஸர் ஓடிட்டே இருக்கும். "பாப்பா, கணக்கு நோட்டை எடுத்துட்டு வா"ம்பார். அப்பறம் பேசாம இருப்பார், நாங்க எடுத்துட்டு வந்து உக்கார்ற வரைக்கும். டேப் சும்மா சுத்தும், நடுவுல இருமுவார். "எடுத்தாச்சா? சரி, எழுது"ம்பார். நான் வட்டிக் கணக்கு படிச்சது அப்படித்தான்

பெங்களூரு தம்பி: 😭

ஏற்காடு அத்தை: அண்ணி பீரோவுல இருக்கு. பட்டுப் புடவைக்கு அடியில

சின்ன அக்கா: அதே கேசட்டுலதானே நாங்க பதில் பேசி அனுப்புவோம். பாதி அழிஞ்சிருக்கும்

பெங்களூரு தம்பி: இருக்கறதக் குடுங்க, கம்ப்யூட்டர்ல ஏத்தித் தர்றேன். வீட்டு டேப்ல போட்டுப் பாக்காதீங்க, சிக்கிடும்

பெரிய அக்கா: அம்மா வெளிய குடுக்க மாட்டாங்க. நீ இங்க வந்து பண்ணு

பெரியம்மா: 🎤 0:14

சின்ன அக்கா: அம்மா ஒண்ணும் கேக்கல, ஃபேன் சத்தம்தான் வருது

பெரியம்மா: படையல்ல தட்டுவடை செட்டு வைங்க

ஃபேர்லேண்ட்ஸ் மாமா: படையல்லயா? அய்யர் என்ன சொல்வாரோ

ஏற்காடு அத்தை: அண்ணி சொல்லியாச்சு, வைங்க. பிளேன் எறங்கி வந்தா வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி நாலு ரோட்டுல நின்னு பூண்டுச் சட்னி கூடக் கேட்டு வாங்கித் தின்னவர்

அம்மாபேட்டை சித்தப்பா: பேனர்காரர் வந்துட்டார். ஊர் பேரெல்லாம் எடுத்துடறேன். குவைத் மட்டும் இருக்கட்டும்

பெரிய அக்கா: அதையும் அப்பா ஒத்துக்க மாட்டார் சித்தப்பா. அந்தப் பசங்க ஊர் பேரைப் போடுங்க. ஓமலூர், ஆத்தூர்

அம்மாபேட்டை சித்தப்பா: போட்டோ எது? கோட்டு போட்டதா, ஹெல்மெட்டா?

சின்ன அக்கா: ஹெல்மெட்

ஏற்காடு அத்தை: கோட்டு

ஃபேர்லேண்ட்ஸ் மாமா: சமையல்காரர் லைன்ல இருக்கார். இலை 200 சொல்லிட்டேன். மலையா மண்டபமா, அதை யாராவது சொல்லுங்க

பெரிய அக்கா: அம்மாகிட்ட கேட்டுட்டுச் சொல்றேன் மாமா