பல்சர் 220 ஆயில் கூலர் கசிவு: அடைச்சிடலாமா, மாத்தணுமா?

நெல்லை220:
வண்டி 2010 பல்சர் 220, கார்புரேட்டர் மாடல். ஆயில் கூலர் (இன்ஜின் எண்ணெயைக் குளிர வைக்கிற சின்ன ரேடியேட்டர்) கீழ்ப்பக்கம் எண்ணெயும் தூசியும் சேர்ந்து கறுப்பா அப்பிக் கிடக்கு. ராத்திரி நிறுத்தினா காலையில தரையில ரெண்டு மூணு சொட்டு. ஒரு மெக்கானிக் கூலரைக் கழற்றிட்டு ரெண்டு வழியையும் போல்ட் போட்டு அடைச்சிடலாம்னு சொல்றார். இன்னொருத்தர் எம்சீல் வைங்கன்னு சொல்றார். எதைச் செய்யலாம்?

ஸ்பானர்செட்:
ரெண்டும் வேண்டாம் ப்ரோ. முதல்ல கசிவு கூலர்லதானான்னு உறுதி பண்ணுங்க. இன்ஜின் ஆறினதும் கூலர், ஹோஸ், பிராக்கெட் எல்லாத்தையும் மண்ணெண்ணெய் தொட்ட பழைய டூத் பிரஷ்ஷால தேய்ச்சு, துணியால துடைச்சுக் காய விடுங்க. அப்புறம் முகத்துக்குப் போடுற டால்கம் பவுடரை மெல்லிசா தூவுங்க. வண்டியை நிறுத்தி வெச்சு 10 நிமிஷம் ஐடிலிங்ல ஓட விட்டுப் பாருங்க. முதல்ல எங்கே பவுடர் நனையுதோ அதுதான் இடம். ஓட்டிட்டு வந்து பார்த்தா காத்து எண்ணெயைப் பின்னாடி இழுத்துட்டுப் போயிருக்கும், ஒண்ணும் புரியாது.

வாட்டர் வாஷ் கடையில முன்னாடியிருந்து பிரஷர் அடிக்க விடாதீங்க. கூலர்ல இருக்கிற மெல்லிசுத் தகடு (ஃபின்) எல்லாம் மடங்கிடும், அப்புறம் காத்தே உள்ளே போகாது.

கேஸ்கட்:
கூடவே முன் சஸ்பென்ஷன் ஃபோர்க் சீலையும் பாருங்க. சீல் போனா ஃபோர்க் ஆயில் வழிஞ்சு, காத்துல கூலர் மேல அடிக்கும். பாக்க கூலர் கசியுற மாதிரியே இருக்கும். ஓடின இன்ஜின் ஆயில் கறுப்பு. ஃபோர்க் ஆயில் அதை விட நீர்த்திருக்கும். ஃபோர்க் குழாயைச் சுத்தி எண்ணெய் வளையம் இருந்தா கூலர் மேல பழி போடாதீங்க.

இன்னொண்ணு. பின் டயரைத் தடவிப் பாருங்க. முன்னாடி கசியுற எண்ணெய் அங்கேதான் போய்ச் சேரும். டயர்ல ஈரம் இருந்தா சரி பண்ற வரைக்கும் வண்டியை எடுக்காதீங்க.

நெல்லை220:
பார்த்தாச்சு. ஃபோர்க் காய்ஞ்சிருக்கு, டயரும் சுத்தம். ஹோஸ் சேர்ற இடங்களும் காய்ஞ்சுதான் இருக்கு. கீழ் ஹோஸுக்கு அரை இன்ச் மேலே ஒரு ட்யூப்ல கல் பட்ட தழும்பு. அதைச் சுத்தித்தான் பவுடர் நனையுது.

ஸ்பானர்செட்:
அப்போ கோர் (கூலரோட ட்யூப்பும் ஃபின்னும் சேர்ந்த நடுப்பகுதி) போச்சு, மாத்தறதுதான் வழி. எம்சீல் ஏன் நிக்காதுன்னா, உள்ளேயிருந்து எண்ணெய் அந்த ஓட்டை வழியா கசிஞ்சுக்கிட்டே இருக்கும், வெளியே எவ்வளவு துடைச்சாலும் பிடிப்பு கிடைக்காது. சூடாகி ஆறும்போது அலுமினியமும் எம்சீலும் ஒரே அளவுக்கு விரிஞ்சு சுருங்காது. பிரஷரும் அதிர்வும் மீதியைப் பாத்துக்கும். டிக் (TIG) வெல்டிங், ஹோஸ் மாட்டுற தடிச்ச பகுதிக்குச் சரி. ட்யூப் சுவர் தகடு மாதிரி மெல்லிசு, ஒரு ஓட்டையை அடைக்கப் போய் ரெண்டாக்கிடுவாங்க.

அடைக்கிறது அதை விட ஆபத்து. எண்ணெய் கூலர் வழியாத்தான் அடுத்த இடத்துக்குப் போகுதுன்னா, அடைச்ச நிமிஷமே அதுக்கு அப்பால எண்ணெய் கிடையாது. எந்த வழி எங்கே போகுதுன்னு உறுதியா தெரியாம அதைத் தொடவே கூடாது. அவசரத்துக்குன்னா, போற வழியையும் வர்ற வழியையும் நேரா இணைக்கிற மாதிரி ஹைட்ராலிக் ஹோஸ் கடையில கிரிம்ப் பண்ணி (முனையை மெஷின்ல நசுக்கி இறுக்கி) வாங்கிப் போடலாம். பெட்ரோல் ட்யூபும் கிளிப்பும் சூடான எண்ணெய்க்குத் தாங்காது. நெல்லை வெயில்ல, டிராஃபிக்ல அப்படியே ஓட்டிட்டிருக்கக் கூடாது.

மாத்துற விதம்: இன்ஜின் வெதுவெதுப்பா இருக்கும்போது எண்ணெயை வடிங்க. ஹோஸைக் கழற்றினா கூலர்ல நிக்கிறதும் கொட்டும், கீழே தட்டு வைங்க. எந்த ஹோஸ் மேலே, எது கீழேன்னு டேப் ஒட்டிக் குறிங்க. கூலர் பக்கத்து மூட்டை எப்பவும் ரெண்டு ஸ்பானரால கழற்றுங்க. ஒண்ணு கூலரோட மூட்டைப் பிடிச்சுக்கணும், இன்னொண்ணு திருகணும். ஒரே ஸ்பானரைப் போட்டு முறுக்கினா அந்த அலுமினிய மூட்டே திரும்பி, கோரோட சேர்ற இடத்துல விரிசல் விடும். புதுசு வாங்கி மாட்டின மறுநாளே கசியுற கூலர்ல நிறைய இப்படி ஆனதுதான்.

பாஞ்சோ போல்ட் (நடுவுல எண்ணெய் போக ஓட்டை உள்ள போல்ட்) இருக்கிற மூட்டுக்கு 2 வாஷர், ஹோஸ் கண்ணுக்கு அந்தப் பக்கம் ஒண்ணு, இந்தப் பக்கம் ஒண்ணு. எல்லாம் புதுசா போடணும். பழசைக் கையில கொண்டு போய் அளவு பார்த்து வாங்குங்க. ஓ ரிங் (ரப்பர் வளையம்) இருந்தா அதுவும் புதுசு, எண்ணெய் தடவி மாட்டுங்க. டெஃப்லான் டேப், சிலிகான் பேஸ்ட் ரெண்டும் கூடவே கூடாது, பிசிறு உள்ளே போய் எண்ணெய் வழியை அடைச்சிடும்.

நெல்லை220:
பழைய பார்ட்ஸ் கடையில கூலர் கிடைக்குமாம். வாங்கலாமா அண்ணே?

கேஸ்கட்:
சென்னைன்னா புதுப்பேட்டையில கிடைக்கும். ஆனா எந்த வண்டியிலிருந்து கழற்றினதுன்னு கேளுங்க. சீஸ் ஆன (உள்ளே இறுகி நின்னுபோன) இன்ஜின்னா வேண்டவே வேண்டாம். உலோகத் துகள் கோருக்குள்ள சிக்கி நிக்கும், எவ்வளவு கழுவினாலும் முழுசா வராது, நல்ல இன்ஜினுக்குப் போய்ச் சேரும்.

வாங்கினா மண்ணெண்ணெயை ரெண்டு பக்கமிருந்தும் மாத்தி மாத்தி ஊத்திக் கழுவுங்க, வெள்ளைத் துணியில வடிச்சா மினுமினுப்பு தெரியக் கூடாது. அப்புறம் ஒரு வாயை அடைச்சு, மறு வாயில காத்து கொடுத்து பக்கெட் தண்ணியில முக்குங்க. 2-3 கிலோ பிரஷர் போதும். டயர் கடை கம்ப்ரஸரை அப்படியே திறந்து விட்டா நல்ல கோரும் உப்பிடும்.

பிராக்கெட் ரப்பர் புஷ்ஷையும் மாத்திடுங்க. அது கெட்டிப்பட்டா அதிர்வு நேரா கூலருக்கு வரும். முன் மட்கார்டு கீழ்நுனி உடைஞ்சிருந்தா அதையும் பாருங்க, இல்லேன்னா அடுத்த கல்லும் அதே இடத்துலதான் வந்து அடிக்கும்.

ஸ்பானர்செட்:
கடைசி ஹோஸை மாட்டுறதுக்கு முன்னாடி கூலருக்குள்ள புது எண்ணெயை மெதுவா ஊத்தி நிரப்புங்க. 20W50 எண்ணெய், டப்பாவுல ஜாசோ எம்ஏ (JASO MA, பைக் கிளட்ச்சுக்கு ஏத்த எண்ணெய்னு அர்த்தம்) குறியீடு இருக்கணும், இல்லேன்னா கிளட்ச் வழுக்கும். 1.2 லிட்டர் பாக்கெட் வாங்கி, இன்ஜின்ல முதல்ல 1 லிட்டர் மட்டும். ஸ்டார்ட் பண்ணி அரை நிமிஷம் ஆக்ஸிலரேட்டரைத் தொடாம விடுங்க, நிறுத்தி ரெண்டு மூணு நிமிஷம் கழிச்சு வண்டியை நேரா நிமிர்த்திப் பிடிச்சு, இன்ஜின்ல இருக்கிற சின்னக் கண்ணாடி ஜன்னல்ல எண்ணெய் அளவு பாருங்க. குறைஞ்சிருந்தா மீதியைக் கொஞ்சம் கொஞ்சமா ஊத்துங்க, மேல் கோட்டைத் தாண்ட வேண்டாம். இந்த வண்டிக்குக் கிக்கர் கிடையாது, அதனால பேட்டரி சார்ஜ் இருக்கான்னு முன்னாடியே பாத்துக்கோங்க.

இப்போ கசியுதா இல்லையான்னு பார்த்தா போதும், அதனால மறுபடி பவுடர் தூவி 20 கிலோமீட்டர் ஓட்டிட்டு வந்து பாருங்க. மூட்டுல லேசா ஈரம் இருந்தா இன்ஜின் ஆறினப்புறம் ரெண்டு ஸ்பானரோட ஒரு சின்ன இறுக்கு. அதுக்கும் நிக்கலேன்னா மேலும் முறுக்காதீங்க, வாஷரை மாத்துங்க.