வட்டில் இடம் இருந்தும் "ஃப்ரீ வால்யூம் இல்லை" என்கிறது: சீவீட்எஃப்எஸ் உதவி தேவை

தம்பு செட்டித் தெரு:
வணக்கம். சுங்க முகவர் அலுவலகம் ஒன்றின் ஸ்கேன் ஆவணங்களை பல கணினிகளின் வட்டுகளை ஒரே கோப்புச் சேமிப்பாக இணைக்கும் சீவீட்எஃப்எஸ் மென்பொருளில் சேமித்து வருகிறேன். பாரிமுனையில் இரண்டு கணினிகளும் திருவொற்றியூர் கிடங்கில் ஒன்றும் உள்ளன. ஒவ்வொன்றிலும் 4 டெராபைட் வட்டு இருக்கிறது. இரண்டு இடங்களுக்கும் தனித்தனி ரேக் (கணினித் தொகுதி) பெயர் கொடுத்து, நகல் முறையை 001 (கோப்புக்கு இரண்டு நகல்) என்று வைத்திருக்கிறேன். பார்ட்டி (வாடிக்கையாளர்) ஒன்றுக்கு ஒரு பக்கெட் (தனிக் கோப்புப் பெட்டி) என்பது எங்கள் ஏற்பாடு. முதல் இரண்டு பக்கெட்டுகள் ஒழுங்காக இயங்குகின்றன, ஆனால் மூன்றாவதில் முதல் கோப்பை ஏற்றும்போதே வால்யூம் (பல கோப்புகளை அடைத்து வைக்கும் பெரிய கோப்பு) இல்லை என்ற பிழை வருகிறது. வட்டின் காலி இடத்தைச் சொல்லும் டிஎஃப் கட்டளையோ எல்லா வட்டுகளிலும் பாதிக்குமேல் காலி என்று காட்டுகிறது. இதற்கிடையில் முதல் பார்ட்டியின் பழைய பில் ஆஃப் என்ட்ரிகளை (இறக்குமதிச் சுங்க ஆவணங்களை) நீக்கியும் இடம் திரும்பவில்லை. எங்கே தவறு செய்தேன்?

ராயபுரம்:
வீட் ஷெல்லுக்குள் (சீவீட்எஃப்எஸ்ஸின் கட்டளைச் சாளரத்துக்குள்) சென்று 'வால்யூம்.லிஸ்ட்' கொடுத்து, ஒவ்வொரு கணினிக்கும் எதிரே வரும் எண்ணைச் சொல்லுங்கள். மற்றவற்றைப் பிறகு பார்ப்போம்.

தம்பு செட்டித் தெரு:
பாரிமுனைக் கணினிகள் இரண்டிலும் 8/8 என்றும், திருவொற்றியூரில் 0/8 என்றும் வருகிறது. அந்தக் கணினி மாஸ்டருடன் (எந்த வால்யூம் எங்கே என்று நிர்வகிக்கும் சர்வருடன்) இணைந்துதான் இருக்கிறது, ஆனாலும் அதில் ஒரு வால்யூம்கூட ஏன் இல்லை என்று புரியவில்லை.

ராயபுரம்:
காரணம் அந்த எண்களிலேயே இருக்கிறது. இந்த அமைப்பு வட்டின் காலி இடத்தைப் பார்ப்பதற்கு முன் வால்யூம்களின் எண்ணிக்கையைப் பார்க்கிறது. நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் ஓர் அடைவுக்கு 8 தான் உச்சவரம்பு. ஒவ்வொரு பக்கெட்டும் தனித் தொகுப்பு என்பதால் ஒன்றின் வால்யூமில் இன்னொன்று எழுத முடியாது. இரண்டு நகல் கேட்கும் பக்கெட்டுக்கு இயல்பாக ஒரே வீச்சில் 6 வால்யூம்கள் உருவாகும். ஆகவே முதல் பக்கெட் இரு கணினியிலும் 6 இடங்களைப் பிடித்துக்கொண்டது, மிஞ்சிய இரண்டிரண்டு இடங்கள் இரண்டாவதற்குப் போயின, மூன்றாவதற்கு ஒன்றும் எஞ்சவில்லை. புது வால்யூம் வட்டில் சில பைட்டுகளே பிடிப்பதால் டிஎஃப் சொல்வதும் பொய்யில்லை.

வால்யூம் சர்வர்களை (ஒவ்வொரு கணினியிலும் வால்யூம்களை வைத்திருக்கும் நிரல்களை) '-மேக்ஸ்=0' என்ற கொடியுடன் (கட்டளையோடு சேர்க்கும் குறிப்புடன்) மீண்டும் தொடங்குங்கள். காலி இடத்தை வால்யூம் அளவால் வகுத்து, வரம்பை அதுவே கணக்கிட்டுக்கொள்ளும். இயல்பான அளவு 30,000 மெகாபைட் என்பதால் உங்கள் வட்டுகளில் நிறையவே கிடைக்கும். ஒரு சர்வர் நின்றிருக்கும் நேரத்தில் அதில் நகல் உள்ள வால்யூம்களில் எழுத முடியாது, எனவே அலுவலகம் மூடிய பிறகு ஒவ்வொன்றாகச் செய்யுங்கள்.

எண்ணூர்:
ராயபுரத்தார் சொன்னது சரி, ஆனால் 0/8 பற்றி அவர் பேசவில்லை. 001 என்றால் இரண்டாவது நகல் அதே ரேக்கில் உள்ள வேறொரு கணினியில் அமையும் என்று பொருள். திருவொற்றியூர் ரேக்கில் ஒரே கணினி இருப்பதால் அதற்கு வேலையே வராது. இதனால் உங்கள் இரண்டு நகல்களும் பாரிமுனையில் ஒரே கட்டிடத்தில் இருக்கின்றன. டிசம்பர் மழையில் அந்தத் தெருக்களில் தண்ணீர் நிற்பதைப் பார்த்த எவரும் இதை ஏற்கமாட்டார். நகல் வேறு ரேக்கில் அமைய 010 வேண்டும்.

ஷெல்லில் முதலில் 'லாக்' கொடுத்துவிட்டு, 'வால்யூம்.கான்ஃபிகர்.ரெப்ளிகேஷன்' மூலம் இருக்கும் வால்யூம்களை 010க்கு மாற்றி, அதன்பின் 'வால்யூம்.ஃபிக்ஸ்.ரெப்ளிகேஷன்' ஓட்டுங்கள், முடிந்ததும் 'அன்லாக்' செய்ய மறவாதீர்கள். ஒத்திகையா, உண்மையான செயலா என்று குறிக்கும் கொடி பதிப்புக்குப் பதிப்பு மாறியிருப்பதால், கட்டளையின் உதவிக் குறிப்பைப் படித்த பிறகே என்டர் தட்டுங்கள். மாஸ்டரின் இயல்பு நகல் அமைப்பையும் 010 ஆக்காவிட்டால் அடுத்த வால்யூம் பழையபடியே பிறக்கும்.

நீக்கிய கோப்புகளின் கதை வேறு. வால்யூம் கோப்பின் கடைசியில் எழுதிக்கொண்டே போவதுதான் இதன் வழக்கம். நீக்கினால் நீக்கிய குறிப்பு மட்டும் சேரும், இடம் வராது. கழிவு 30 விழுக்காட்டைத் தாண்டினால் மாஸ்டர் தானாகச் சுருக்கும். உடனே வேண்டுமானால் 'வால்யூம்.வேக்கம்' கட்டளையில் வரம்பை 0.1 என்று குறைத்துக் கொடுங்கள். உயிருள்ள கோப்புகளைப் புதிதாகப் படியெடுத்த பிறகே பழையதை அழிக்கும் என்பதால், இடையில் கூடுதல் இடம் தேவைப்படும்.

தம்பு செட்டித் தெரு:
இருவருக்கும் நன்றி. நேற்றிரவு மூன்று சர்வர்களின் அமைப்பையும் மாற்றினேன். மூன்றாவது பக்கெட் இப்போது கோப்புகளை ஏற்கிறது, சுருக்கிய பிறகு நீக்கிய ஆவணங்களின் இடமும் திரும்பிவிட்டது. திருவொற்றியூருக்கு நகல்கள் போய்ச்சேர விடியும்வரை ஆயிற்று. ஒரு வித்தியாசம் தெரிகிறது: ஒவ்வொரு கோப்பும் அங்கேயும் எழுதப்பட்ட பிறகுதான் முடிந்ததாகச் சொல்வதால், ஸ்கேன் போடுபவர் வேகம் குறைந்துவிட்டது என்று காலையிலேயே முறையிட்டார். மழைக்காலம் முடியும்வரை 010 மாறாது என்று அவரிடம் சொல்லிவிட்டேன்.