அந்தோரா போக தனி விசா வேண்டுமா?

கேள்வி:
வணக்கம் நண்பர்களே. இந்திய பாஸ்போர்ட். பார்சிலோனா போகும்போது அப்படியே பைரனீஸ் மலையில் இருக்கும் அந்தோராவிலும் இரண்டு இரவு தங்கலாம் என்று திட்டம். அதற்குத் தூதரகம் எங்கே என்று தேடினால் எதுவும் பிடிபடவில்லை. ஷெங்கன் விசா (ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் சேர்த்துத் தரும் ஒரே விசா) மட்டும் போதும் என்று ஒருவர் சொல்கிறார், போதாது என்று இன்னொருவர். இன்னும் விண்ணப்பிக்கவில்லை, எது சரி?

பதில் 1:
அந்தோரா சுற்றுலா விசா எதுவும் தருவதில்லை, அதனால் தேடினாலும் கிடைக்காது. அங்கே விமான நிலையமும் இல்லை, ரயிலும் இல்லை. ஸ்பெயின் அல்லது பிரான்ஸ் வழியாகத்தான் சாலையில் போக முடியும், திரும்பவும் அப்படித்தான். சிக்கலே இதில்தான். அந்தோரா ஷெங்கனில் சேராத நாடு. ஸ்பெயினிலிருந்து அங்கே போனால் ஷெங்கனை விட்டு வெளியேறியதாகக் கணக்கு, திரும்பி வருவது இரண்டாவது நுழைவு. ஆகவே உங்கள் விசாவில் குறைந்தது இரண்டு நுழைவு இருக்க வேண்டும். ஒற்றை நுழைவு விசா என்றால், அந்தோராவுக்குள் கால் வைத்ததுமே அது முடிந்துபோகிறது.

பதில் 2:
பார்சிலோனாவிலிருந்து பஸ்ஸில் மூன்று மணி நேரம், பல சமயம் பாஸ்போர்ட்டை யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை. இவ்வளவு பயப்பட வேண்டாம்.

பதில் 1:
பார்க்காமல் விடுவது வேறு, சட்டம் வேறு. அந்தோராவில் வரி குறைவு, சிகரெட்டும் மதுவும் மலிவு, அதனால் திரும்பும் வழியில் சுங்கச் சோதனை நிஜமாகவே நடக்கிறது, வண்டியை நிறுத்தி ஆவணமும் கேட்கலாம். அங்கே மாட்டினால் ஒற்றை நுழைவு விசாவை வைத்துக்கொண்டு என்ன சொல்வீர்கள்? திரும்பிப் போகவும் வேறு வழி கிடையாது. தயவுசெய்து யாருக்கும் இந்த யோசனையைச் சொல்லாதீர்கள்.

பதில் 3:
முதலாமவர் சொல்வதுதான் சரி. விண்ணப்பத்திலேயே ஒன்றுக்கு மேற்பட்ட நுழைவு என்று குறியுங்கள், கட்டணம் அதே 90 யூரோதான், அதிகமாகாது. பயணத் திட்டக் கடிதத்தில் அந்தோராவில் எந்த இரவுகள், பிறகு பார்சிலோனா திரும்பும் தேதி எது என்று தெளிவாக எழுதி, ஓட்டல் பதிவையும் இணையுங்கள், ஏன் கேட்கிறீர்கள் என்று விசா அதிகாரிகளுக்குப் புரிய வேண்டும். விசா கைக்கு வந்ததும் நுழைவு எண்ணிக்கை இருக்கும் கட்டத்தைப் பாருங்கள், 01 என்றால் அந்தோராவை விட்டுவிடுங்கள். குட்டி நாடுதான் பார்க்க வேண்டும் என்றால் மொனாக்கோ, சான் மரீனோ இருக்கின்றன, அங்கே எல்லைச் சோதனை கிடையாது, ஒற்றை நுழைவே போதும்.

அப்புறம் காப்பீடு. ஷெங்கனுக்கென்று எடுக்கும் பாலிசியில் அந்தோரா அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள், பனிச்சறுக்கு எண்ணம் இருந்தால் இது ரொம்ப முக்கியம். பணம் யூரோதான், ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தின் ரோமிங் விதி (வேறு நாட்டிலும் கூடுதல் கட்டணமின்றி சிம்மைப் பயன்படுத்துவது) அங்கே செல்லாது, ஸ்பெயினில் வாங்கிய சிம்மில் டேட்டாவை எல்லைக்கு முன்பே அணைத்துவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. கூட வரும் அக்காவிடம் பிரான்ஸ் வதிவிட அட்டை இருக்கிறது, அவருக்கும் இதே நிலைதானா?

பதில் 3:
இல்லை. அட்டை செல்லுபடியாகும் வரை எத்தனை முறை வேண்டுமானாலும் போய் வரலாம். அட்டையோடு பாஸ்போர்ட்டையும் கையில் வைத்திருக்கச் சொல்லுங்கள்.