'ஓ யே' பாடலின் அடிக்குரலைக் கொண்டுவருவது எப்படி?

கேள்வி: யெல்லோ என்ற சுவிஸ் எலக்ட்ரானிக் இசைக்குழுவின் 'ஓ யே' 1985இல் 'ஸ்டெல்லா' ஆல்பத்தில் வந்து, மறு வருடம் 'ஃபெரிஸ் பியூலர்ஸ் டே ஆஃப்' படத்தால் பரவியது. அதில் வரும் அந்தக் கனத்த குரல் எனக்கு வேண்டும். பிட்ச் ஷிஃப்டரில் (சுருதியை மாற்றும் கருவி) 12 செமிடோன் (அரைச்சுரம்) இறக்கினால் கரகரக்கிறது. எங்கே தவறு?

பதில் 1: கால அளவை மாற்றாமல் பிட்சை மட்டும் இறக்குகிறீர்கள், கரகரப்பு அதனால்தான். சாம்ப்ளரில் (பதிந்த ஒலியைச் சுரங்களாக வாசிக்கும் கருவி) ஏற்றி, நீளத்தை மாறாமல் வைக்கும் ஸ்ட்ரெச் வசதியை அணைத்து, கீழ்ச் சுரத்தில் வாசியுங்கள். 7 செமிடோன் போதும். நீளம் சுமார் ஒன்றரை மடங்காகும். எனவே பதியும்போதே அந்த அளவு வேகமாகப் பேச வேண்டும். மெய்யெழுத்துகளை அழுத்திச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் குழைந்துவிடும்.

பதில் 2: 96 கிலோஹெர்ட்ஸ் சாம்பிள் ரேட்டில் (ஒரு நொடியில் ஒலியை அளவெடுக்கும் எண்ணிக்கை) பதியுங்கள். வேகம் குறையும்போது மேல் அலைவரிசைகளும் கீழே இறங்கும், 44.1இல் பதிந்தால் குரல் மங்கும். மைக்கை மிக நெருங்காதீர்கள், அடிநாதம் வீங்கும். 70 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலியை ஈக்வலைசரில் வெட்டிவிடுங்கள்.

பதில் 3: எதிரொலியைக் கடைசியில் சேருங்கள். முன்பே சேர்த்தால் அதுவும் இழுபடும். குரலைச் சுற்றி இசையில் இடைவெளி விடுங்கள். அந்தப் பாடலின் அழகே அதில்தான் இருக்கிறது.